ராக் மேடையில் சாக்ஸபோன்: லைவ் ஆல்பங்களைக் கேட்கத் தொடங்குவோருக்கு

ராக் இசைக்குழு ஒன்று ரசிகர்களின் முன்னிலையில் வாசித்ததைப் பதிவு செய்து வெளியிடும் தொகுப்பையே லைவ் ஆல்பம் என்கிறோம். ஸ்டூடியோவில் ஒரு பாடலைப் பத்து முறை வாசித்து, நன்றாக அமைந்த பகுதிகளை மட்டும் சேர்த்து ஒட்டி, பிழைகளைத் துடைத்து வெளியிடலாம். மேடையில் வாசித்தது வாசித்ததுதான். இந்த வேறுபாட்டைக் கிட்டாரை வைத்தோ டிரம்ஸை வைத்தோ கூட விளங்கிக்கொள்ளலாம் என்றாலும், சாக்ஸபோன் இடம்பெறும் பாடல்களில் அது பளிச்சென்று தெரிகிறது. புகழ்பெற்ற ராக் பாடல்கள் பலவற்றில் வரும் சாக்ஸபோன் பகுதியை வாசித்தவர் அந்தக் குழுவின் உறுப்பினரே அல்லர். ஒரு நாள் சம்பளத்துக்கு ஸ்டூடியோவுக்கு வந்து, வாசித்துவிட்டுப் போன வேறொரு கலைஞர். அதே பாடலைக் குழு ஊர் ஊராகக் கொண்டுசெல்லும்போது, அந்தப் பகுதியை இனி யார் வாசிப்பது, பதிவில் உள்ளபடியே வாசிப்பதா, மாற்றி வாசிப்பதா என்ற கேள்விகள் எழுகின்றன. ஒவ்வொரு குழுவும் இதற்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. சாக்ஸபோன் ஒலிக்கும் ஒரு லைவ் ஆல்பத்தைப் புதிதாகக் கேட்கும் எவரும், ஊதுபவர் யார், அவருக்கு அந்தக் குழுவில் என்ன இடம் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், மற்ற பல விஷயங்கள் தாமாகவே புலப்படும்.

கருவியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது நல்லது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846ஆம் ஆண்டில் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனதாக இருந்தாலும், இசையியலார் இதைப் கிளாரினெட்டின் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். ஏனெனில் இதன் ஒலி, வாய்ப்பகுதியில் கட்டப்பட்ட நாணல் தகட்டின் அதிர்விலிருந்து பிறக்கிறது. நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொட்டு அதிர்கின்றன; சாக்ஸபோனின் ரீட் ஒற்றைத் தகடு. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என நான்கு அளவுகள் பரவலான புழக்கத்தில் உள்ளன. கத்ரி கோபால்நாத் நம் சபா மேடைகளில் கர்நாடக இசை வாசித்து நமக்கெல்லாம் பழக்கப்படுத்திய கருவி ஆல்டோ. ராக்கில் நாம் அதிகம் கேட்பது, அதைவிடச் சற்றுப் பெரியதும் தாழ்ந்த ஒலியுடையதுமான டெனர். அதன் ஒலியெல்லை ஆண் பாடகரின் குரலெல்லையோடு பெரும்பாலும் ஒன்றிப்போவதால், பாடகர் நிறுத்திய இடத்திலிருந்து அதே உணர்ச்சியைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல அதனால் முடிகிறது. ஊதும்போதே தொண்டையால் ஒரு சுரத்தை முனகினால், இரண்டு ஒலிகளும் மோதிக் கரகரப்பான ஓர் உறுமல் எழும். கிரௌல் என்று வாசிப்பவர்கள் சொல்லும் இந்த உத்திதான் ராக் சாக்ஸபோனை ஜாஸ் சாக்ஸபோனிலிருந்து முதல் கேட்பிலேயே பிரித்துக் காட்டுகிறது.

சாக்ஸபோன் ராக்கிற்கு வெளியிலிருந்து விருந்தாளியாக வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1950களின் ராக் அண்டு ரோல் பதிவுகளில் நடுவில் வரும் சோலோ, அதாவது ஒருவர் தனித்து வாசிக்கும் பகுதி, பெரும்பாலும் சாக்ஸபோனுக்கே உரியதாக இருந்தது. லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ ஆகியோரின் நியூ ஆர்லியன்ஸ் பதிவுகளில் லீ ஆலனும், பில் ஹேலியின் குழுவில் ரூடி பாம்பில்லியும், கோஸ்டர்ஸ் குழுவின் பாடல்களில் கிங் கர்டிஸும் வாசித்தனர். அறுபதுகளில் ஆம்ப்ளிஃபையரின் ஆற்றல் பெருகி, கிட்டாரின் ஒலியை வேண்டிய அளவுக்கு நீட்டவும் கரகரப்பாக்கவும் முடிந்தபோது, சாக்ஸபோன் செய்துகொண்டிருந்த வேலையைக் கிட்டார் எடுத்துக்கொண்டது.

இதில் சுருதிக் கணக்கு ஒன்றும் அடங்கியிருக்கிறது. கிட்டாரில் ஈ, ஏ ஆகிய சுருதிகள் கைக்கு எளியவை; திறந்த கம்பிகளே அவற்றைத் தாங்கும். டெனர் சாக்ஸபோனோ பி-ஃபிளாட் சுருதியில் அமைந்தது; அதில் சி என்று ஊதும் சுரம் பி-ஃபிளாட்டாக ஒலிக்கும். கிட்டார் கலைஞர் ஈ மேஜரில் சாதாரணமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது, டெனர் வாசிப்பவர் ஆறு ஷார்ப்கள், அதாவது அரைச்சுரம் உயர்த்திய சுரங்கள், கொண்ட எஃப்-ஷார்ப் மேஜரில் விரல்களை ஓட்ட வேண்டும். ஆல்டோவாக இருந்தால் ஏழு ஷார்ப்கள். பயிற்சி உள்ளவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை என்றாலும், கிட்டாரை மையமாகக் கொண்ட குழுவில் சாக்ஸபோன் கலைஞர் எப்போதும் மற்றவரின் வசதிக்குத் தன்னைப் பொருத்திக்கொள்பவராகவே இருக்க நேர்கிறது. பியானோவில் பாடல் கட்டும் குழுக்களில் சாக்ஸபோன் கூடுதல் இயல்போடு அமர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடையில் ஏற்படும் சிக்கல்

மின்கிட்டாருக்கு ஒரு கம்பிவடம் போதும். அதன் ஒலி நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விடும். சாக்ஸபோனுக்கு அத்தகைய வழி கிடையாது. காற்றில் எழும் ஒலியை மைக்கால்தான் பிடிக்க வேண்டும். அந்த மைக்கோ சாக்ஸபோனை மட்டும் கேட்பதில்லை. பின்னால் இடிக்கும் டிரம்ஸ், பக்கத்தில் அலறும் கிட்டார், ரசிகர்களின் கூச்சல் அனைத்தும் அதனுள் புகுந்துவிடும். அதே போலச் சாக்ஸபோனின் ஒலியும் மற்றவர்களின் மைக்குகளுக்குள் கசியும். போதாக்குறைக்கு, சாக்ஸபோனின் ஒலி முழுவதும் அதன் அகன்ற வாயிலிருந்து வருகிறது என்று நாம் எண்ணினாலும், மிகத் தாழ்ந்த சுரங்களைத் தவிர மற்றவை பெரும்பாலும் உடலில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவே வெளியேறுகின்றன. மைக்கை வாய்க்குள் திணித்து வைத்தால் கீழ்ச் சுரங்கள் தடித்தும் மேற்சுரங்கள் மெலிந்தும் பதிவாகும். தள்ளி வைத்தால் டிரம்ஸ் உள்ளே வந்துவிடும். பழைய பதிவுகளில் ஊதுபவர் ஒரு மைக் ஸ்டாண்டின் முன் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. கருவியிலேயே கவ்விக்கொள்ளும் சிறு மைக்கும் ஒயர்லெஸ் வசதியும் வந்த பிறகுதான் அவர் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட முடிந்தது.

வெப்பமும் தன் பங்குக்குத் தொல்லை தரும். மேடை விளக்குகளின் சூட்டில் கிட்டார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். குழலுக்குள் இருக்கும் காற்று சூடேறச் சாக்ஸபோனின் சுருதி ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால், கச்சேரியின் பிற்பகுதியில் இருவரும் சேர்ந்து ஒரே மெட்டை வாசிக்கும் இடங்களில் உரசல் கேட்பதுண்டு. பழைய லைவ் பதிவுகளில் இதைக் காது கொடுத்துத் தேடினால் கிடைக்கும்; எனக்கு அது குறையாகப் படுவதில்லை.

ஒலி கசிவதால் என்ன நேரும் என்பதற்கு, சாக்ஸபோன் இல்லாத ஓர் ஆல்பமே சிறந்த சான்று. ஆல்மன் பிரதர்ஸ் குழு 1971 மார்ச் மாதம் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்ததைப் பதிவு செய்ய வந்த தயாரிப்பாளர் டாம் டவுட், முதல் இரவில் சாக்ஸபோன் உள்ளிட்ட ஊதுகருவிக் கலைஞர்களும் குழுவோடு மேடையேறியதைக் கண்டு திடுக்கிட்டார். அவர்களின் ஒலி எல்லா மைக்குகளிலும் கசிந்ததால், அவர்கள் வாசித்த பகுதிகளைப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. அவர் வற்புறுத்தியதன் பேரில் அவர்கள் விலக்கப்பட்டனர். 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' இன்று கிட்டார் இசையின் உச்சமாகப் போற்றப்படுகிறது. ஊதுகருவிகளை மட்டும் தனியே அடக்கிவிட வழி இருந்திருந்தால், நாம் இன்று கேட்கும் ஆல்பமே வேறாக இருந்திருக்கும்.

மேடையில் மறுபிறவி எடுத்த பாடல்

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அமெரிக்க ராக் பாடகர் பாப் சீகரின் 'லைவ் புல்லட்' ஆல்பத்தில் உள்ள 'டர்ன் தி பேஜ்' பாடலைத்தான் சொல்வேன். இப்பாடல் முதலில் 1973இல் வெளிவந்த ஒரு ஸ்டூடியோ ஆல்பத்தில் இடம்பெற்றது. அப்போது அதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. சீகர் தம் சொந்த ஊர்ப் பக்கமான டெட்ராய்ட்டில், கோபோ ஹால் அரங்கில் 1975 செப்டம்பரில் வாசித்தது பதிவாகி 1976இல் வெளியான பிறகே, வானொலிகள் அதை விடாமல் ஒலிபரப்பின. இன்றும் அமெரிக்க வானொலியில் இந்தப் பாடலைக் கேட்டால் பெரும்பாலும் அந்த மேடைப் பதிவாகத்தான் இருக்கும்.

ஊர் ஊராகப் பயணம் செய்யும் இசைக்கலைஞனின் களைப்பையும், வழியில் அவனை வெறித்துப் பார்க்கும் கண்களையும் பாடும் பாடல் இது. ஆல்டோ ரீட் என்ற மேடைப்பெயர் கொண்ட கலைஞரின் சாக்ஸபோன்தான் பாடலைத் திறக்கிறது. நீண்டு இழுபடும் சில சுரங்கள், அவற்றின் பின்னால் அரங்கின் அகன்ற எதிரொலி, அதற்கும் பின்னால் ஆயிரக்கணக்கானோரின் மெல்லிய இரைச்சல். சீகர் பாடத் தொடங்கியதும் சாக்ஸபோன் ஒதுங்கிவிடுகிறது. பாடுபவரின் மேல் ஏறி ஊதுவதே இல்லை. இடையில் திரும்ப வரும்போது அதே சொற்றொடரைச் சற்றே அழுத்திச் சொல்லிவிட்டுப் போகிறது. வாசிப்பில் வித்தைகாட்டல் எதுவும் இல்லை. தனிமையைப் பற்றிய ஒரு பாடல் பெருங்கூட்டத்தின் நடுவே வாசிக்கப்படும் அந்த முரண்பாட்டை ஸ்டூடியோ பதிவு தர முடியாது. அரங்கின் வெற்றிடம் முழுவதும் அந்தக் கருவியின் ஒலியோடு சேர்ந்து பதிவாகியிருப்பதே இதன் வெற்றி. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், லைவ் ஆல்பம் என்ற வடிவம் எதற்காக இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

உறுப்பினராக இருந்த ஒருவர்

சாக்ஸபோன் கலைஞரைக் குழுவின் நடுவில் நிறுத்தியவர்களுள் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு இணை சொல்வது கடினம். அவருடைய ஈ ஸ்ட்ரீட் குழுவில் டெனர் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ், 1942இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். நெடிய, பருத்த உருவம். 1975இல் வந்த 'பார்ன் டு ரன்' ஆல்பத்தின் உறையில் ஸ்பிரிங்ஸ்டீன் அவருடைய தோளில் சாய்ந்து நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த ஆல்பத்தின் இறுதிப் பாடலான 'ஜங்கிள்லேண்ட்', ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீள்வது. அதன் நடுவில் இரண்டு நிமிடங்களுக்கும் மேலாகக் கிளெமன்ஸின் சோலோ வருகிறது. அதைப் பதிவு செய்ய ஸ்டூடியோவில் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. ஸ்பிரிங்ஸ்டீன் அருகிலேயே இருந்து, ஒவ்வொரு சுரமாகச் சொல்லித் திருத்தி, மீண்டும் மீண்டும் வாசிக்கவைத்துக் கட்டிய சோலோ அது.

ஜாஸ் ரசிகர் ஒருவர் இதைக் கேட்டால் முகம் சுளிக்கக்கூடும். சோலோ என்றால் அந்தக் கணத்தில் பிறக்க வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ராக்கில் நிலைமை வேறு. ஆல்பத்தைத் தேயத் தேயக் கேட்ட ரசிகர் அந்த சோலோவைப் பாடல் வரிகளைப் போலவே மனப்பாடமாக வைத்திருக்கிறார். மேடையில் அதை மாற்றினால் ஏமாந்துபோவார். எனவே கிளெமன்ஸ் அதை ஏறக்குறைய அப்படியே, ஆண்டுக்கணக்கில் வாசித்தார். சுரங்கள் மாறாதபோது எது மாறுகிறது என்று கவனிப்பதற்கு இரண்டு லைவ் ஆல்பங்கள் உள்ளன. ஒன்று, லண்டனில் 1975 நவம்பர் 18 அன்று வாசித்து, 2006இல்தான் ஆல்பமாக வெளிவந்த 'ஹேமர்ஸ்மித் ஓடியன்'. அப்போது 'பார்ன் டு ரன்' கடைக்கு வந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. மற்றொன்று, 2000ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளியான 'லைவ் இன் நியூயார்க் சிட்டி'. இடையில் கால் நூற்றாண்டு. முன்னதில் ஊதுபவர் புதிதாகக் கிடைத்த ஒன்றை நழுவவிடாமல் பற்றிக்கொள்ளும் வேகத்தோடு வாசிக்கிறார் என்றால், பின்னதில் சுரங்களுக்கு இடையே மூச்சு விடும் இடங்களில் அவர் அவசரப்படுவதே இல்லை. இசைக்குறிப்பாக எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஸ்பிரிங்ஸ்டீனின் லைவ் ஆல்பங்களில் மிகுந்த புகழ் பெற்றது, 1986 நவம்பரில் ஐந்து இசைத்தட்டுகளில் 40 பாடல்களோடு வந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்த 'லைவ் 1975–85'. வியப்பு என்னவென்றால், அத்தனை பாடல்களுக்கு நடுவில் 'ஜங்கிள்லேண்ட்' இல்லை. அதற்கு ஈடாக, கிளெமன்ஸை முன்னிறுத்தும் 'பாரடைஸ் பை தி சி' என்ற, பாடலே இல்லாத, வாத்தியம் மட்டும் ஒலிக்கும் துள்ளல் இசை ஒன்று அதில் உண்டு. ஐம்பதுகளின் சாக்ஸபோன் மரபு எப்படி ஒலித்தது என்பதற்கு அது நல்ல மாதிரி. கிளெமன்ஸ் 2011 ஜூனில் காலமானார். அதன் பிறகு 'ஜங்கிள்லேண்ட்' மேடையில் வாசிக்கப்படாமல் இருந்தது. 2012 ஜூலையில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில்தான், அவருடைய சகோதரரின் மகன் ஜேக் கிளெமன்ஸ் அந்த சோலோவை முதன்முறையாக வாசித்தார். உறுப்பினரின் இடத்தை நிரப்புவது எவ்வளவு எச்சரிக்கையோடு செய்யப்பட்டது என்பதற்கு இது சான்று.

அழைத்துவரப்பட்டவர்கள்

பிங்க் ஃபிளாய்ட் குழுவில் சாக்ஸபோன் கலைஞர் எவரும் உறுப்பினராக இருந்ததில்லை. ஆனாலும் 1973இல் வந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'மணி', 'அஸ் அண்டு தெம்' ஆகிய இரண்டு பாடல்களையும் சாக்ஸபோன் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. வாசித்தவர் டிக் பாரி. குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோருக்குக் கேம்பிரிட்ஜ் நாள்களிலிருந்து தெரிந்தவர். 'மணி' பாடல் ஏழு அடிகள் கொண்ட சுழற்சியில் நடக்கிறது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு என்ற எண்ணிக்கை அந்நியமாகத் தோன்றாது. மேலை ராக்கில் அது அரிது. பாரியின் சோலோ அந்த ஏழடியின் மேலேயே ஏறி ஓடுகிறது. அவர் முடித்துக் கிட்டார் சோலோ தொடங்கும் இடத்தில், குழு முழுவதும் சட்டென்று நான்கடிக்கு மாறிவிடுகிறது. கடினமான பாதையைச் சாக்ஸபோன் கடந்த பிறகு, கிட்டாருக்குச் சமதளம் போட்டுத் தருகிறார்கள் என்று குறும்பாகச் சொல்லலாம்.

இதே பாடல்களை இரண்டு பேர் மேடையில் வாசித்ததை ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. 1988இல் நியூயார்க் அருகே லாங் தீவில் உள்ள நாசோ கொலீசியத்தில் பதிவான 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' ஆல்பத்தில் ஊதியவர் ஸ்காட் பேஜ். 1994ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பதிவாகி 1995இல் வந்த 'பல்ஸ்' ஆல்பத்தில் டிக் பாரியே திரும்ப வந்து வாசித்தார். பேஜின் ஒலி பிரகாசமானது, எண்பதுகளுக்கே உரிய பளபளப்பு உடையது. பாரியின் ஒலியில் காற்று அதிகம் கலந்திருக்கிறது. 'அஸ் அண்டு தெம்' பாடலில் சுரம் தொடங்கும் முன்பே மூச்சு தொடங்குவது காதில் விழும். எனக்குப் பிந்தையதே பிடிக்கும். அதற்காகப் பேஜ் வாசித்தது பழுது என்று சொல்ல முடியாது. மற்றொருவரின் குரலில் பேச வேண்டிய கடமை அவர் தலையில் விழுந்தது.

டயர் ஸ்டிரெயிட்ஸ் குழுவின் 'யுவர் லேட்டஸ்ட் டிரிக்' பாடலின் தொடக்கத்தில் வரும் மெட்டு, சாக்ஸபோன் கற்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது ஊதிப் பார்ப்பது. 1985இல் வந்த ஸ்டூடியோ பதிவில் அதை வாசித்தவர் ஜாஸ் உலகின் பெரும் கலைஞரான மைக்கேல் பிரெக்கர். மேடைகளில் அதை ஏற்று நடத்தியவர் கிறிஸ் ஒயிட். பிரான்ஸின் நீம் நகரிலும் நெதர்லாந்தின் ராட்டர்டாமிலும் 1992 மே மாதத்தில் பதிவான 'ஆன் தி நைட்' ஆல்பத்தில் அவருடைய வாசிப்பைக் கேட்கலாம். நீம் நகர மேடை, ரோமானியர் காலத்து வட்ட அரங்கம். மெட்டை ஒயிட் மாற்றவில்லை. ஆனால் ஸ்டூடியோவில் ஒரு விடுதியின் மூலையில் ஒலிப்பது போல இருந்த இசை, திறந்த வெளியில் அகன்று நிற்கிறது.

இதற்கு மாறாக, சூப்பர்டிராம்ப் குழுவில் ஜான் ஹெல்லிவெல் முழு உறுப்பினர். பாரிஸில் 1979 நவம்பரில் பதிவாகி மறு ஆண்டு வெளியான 'பாரிஸ்' ஆல்பத்தில், சாக்ஸபோன் ஊதுவதோடு, பாடல்களுக்கு இடையே ரசிகர்களோடு நகைச்சுவையாகப் பேசுபவரும் அவர்தான். 'தி லாஜிக்கல் சாங்' பாடலில் அவர் நுழையும்போது அரங்கம் ஆர்ப்பரிப்பதைக் கேட்டால், சோலோவை மட்டும் வரவேற்கும் ஆரவாரமாக அது தோன்றாது. தங்களுக்குப் பழக்கமான ஒருவரை வரவேற்கும் ஆரவாரம் அது. பியானோவில் கட்டப்பட்ட பாடல்களில் சாக்ஸபோன் இயல்பாகப் பொருந்தும் என்று முன்னே சொன்னதற்கு இந்த ஆல்பம் முழுவதுமே எடுத்துக்காட்டு.

விருந்தாளியாக ஒரே ஒரு நாள் வந்தவர்களும் இருக்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் குழு 1990 மார்ச் 29 அன்று, மேலே சொன்ன அதே நாசோ கொலீசியத்தில் வாசித்தபோது, ஜாஸ் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் முன் ஒத்திகை எதுவும் இல்லாமல் மேடையேறினார். அன்று வாசித்த 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்டு', அவ்வாண்டு வந்த 'வித்தவுட் எ நெட்' ஆல்பத்தில் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த சோலோவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இன்பம் இதில் கிடைக்காது. பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜெர்ரி கார்சியா ஒரு சொற்றொடரை வாசிக்க, மார்சாலிஸ் அதைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போக, குழு அவர் பின்னால் செல்கிறது. கிளெமன்ஸின் வழிக்கும் இதற்கும் உள்ள தொலைவை உணர்ந்துவிட்டால், இந்த வகை ஆல்பங்களின் இரு எல்லைகளும் பிடிபட்டுவிடும்.

கூட்டமாக ஊதுபவர்கள், விலகி ஊதுபவர்கள்

சாக்ஸபோன் எப்போதும் தனியே நிற்பதில்லை. டிரம்பெட், டிராம்போன் ஆகியவற்றோடு ஓர் அணியாகவும் வரும். இதற்கு 'தி பேண்ட்' குழுவின் 'ராக் ஆஃப் ஏஜஸ்' ஒன்றைக் கேட்டால் போதும். நியூயார்க்கில் 1971ஆம் ஆண்டின் கடைசி நான்கு இரவுகளில் பதிவானது. ஊதுகருவி அணிக்கு இசை எழுதித் தந்தவர் நியூ ஆர்லியன்ஸின் ஆலன் டூசான்ட். அவர் எழுதிக் கொண்டுவந்த இசைத்தாள்கள் விமான நிலையத்தில் பெட்டியோடு காணாமற்போக, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எழுதினார். பாடகர் வான் மாரிசனின் 'இட்ஸ் டூ லேட் டு ஸ்டாப் நவ்' ஆல்பம் 1973ஆம் ஆண்டுக் கச்சேரிகளிலிருந்து தொகுக்கப்பட்டது. அதில் ஜாக் ஷ்ரோயரின் சாக்ஸபோன், வயலின்கள் உட்படப் பதினொருவர் கொண்ட குழுவுக்குள் கலந்திருக்கிறது. லைவ் ஆல்பம் என்று பெயரிட்டுவிட்டு, சரியாக அமையாத பகுதிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து ஒட்டுவது இத்துறையில் சர்வசாதாரணம். ஓவர்டப் எனப்படும் அந்த வேலையைச் செய்யவே கூடாது என்று மாரிசன் பிடிவாதமாக இருந்தார். ஆகவே அந்த ஆல்பத்தில் கேட்பது மேடையில் ஊதியதேதான் என்று நம்பிக் கேட்கலாம்.

பிரிட்டனின் குழுக்கள் சில சாக்ஸபோனை வேறு திசையில் இழுத்துச் சென்றன. கொலோசியம் குழுவின் டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித் டெனரையும் சோப்ரானோவையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். 1971இல் வந்த 'கொலோசியம் லைவ்' அவருடைய வலிமையைக் காட்டுகிறது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் டேவிட் ஜாக்சனும் அப்படி இரட்டையாக ஊதியவர். கருவியை மின்கருவிகளோடு இணைத்து, கிட்டார் இல்லாத குறையே தெரியாத அளவுக்கு ஒலியைத் தடிக்கச் செய்தார். ஹாக்விண்ட் குழுவின் 'ஸ்பேஸ் ரிச்சுவல்' ஆல்பத்தில் நிக் டர்னரின் சாக்ஸபோன், மெட்டு எதையும் சொல்லாமல், இரைச்சலுக்குள் இரைச்சலாக மிதக்கிறது. முதல் கேட்பில் இவை எரிச்சலூட்டக்கூடும். புதியவர்கள் இவற்றைச் சிறிது காலம் தள்ளிவைத்தாலும் நட்டமில்லை.

இந்த வரிசையில் மெல் காலின்ஸைத் தனியே குறிப்பிட வேண்டும். கிங் கிரிம்சன் குழுவின் 'எர்த்பவுண்ட்' 1972இல் வெளிவந்தது. சாதாரணக் கேசட்டில், மழை பெய்துகொண்டிருக்க, ஒரு வோக்ஸ்வாகன் வண்டியின் பின்புறத்தில் வைத்தெல்லாம் பதிவு செய்யப்பட்டது. ஒலித்தரம் படு மோசம். அமெரிக்காவில் அதை வெளியிடவே அவர்களின் நிறுவனம் மறுத்துவிட்டது. ஆனால் காலின்ஸ் ஊதும் ஆவேசம் அந்தக் கரகரப்பையும் மீறி வருகிறது. அதே காலின்ஸ்தான் 1983இல் லண்டனில் பதிவான டயர் ஸ்டிரெயிட்ஸ் குழுவின் 'ஆல்கமி' ஆல்பத்தில், ஐம்பதுகளின் பாணியில் உற்சாகமாக ஊதி விருந்தாளியாகப் போகிறார். மீண்டும் கிங் கிரிம்சனில் இணைந்து, 2015 நவம்பரில் 'லைவ் இன் டொரன்டோ' ஆல்பத்தில் வாசிக்கும்போது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் முரட்டுத்தனமாக ஊதிய பாடல்களை நுட்பமாகச் செதுக்குகிறார். ஒரே மனிதரின் மூன்று ஆல்பங்கள். பதிவுத் தொழில்நுட்பம் வளர்ந்த கதையையும் அவையே சொல்லிவிடுகின்றன.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

ஹெட்ஃபோனில் கேட்பது இவ்வகை ஆல்பங்களுக்கு மிகவும் ஏற்றது. சாக்ஸபோன் நுழைவதற்கு ஒரு நொடி முன்னால் மைக் திறக்கப்படும்போது, டிரம்ஸின் ஒலி திடீரென்று அகலமாவதைக் கவனித்துப் பாருங்கள். மேலே சொன்ன கசிவு அதுதான். அடுத்து, சொற்றொடர் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கிட்டார் கலைஞர் விரும்பிய வரை ஒரு சுரத்தை நீட்டலாம். ஊதுபவருக்கு மூச்சு தீரும் இடம் உண்டு. தேர்ந்தவர்கள் அந்த இடத்தைப் பாடலின் இயல்பான நிறுத்தத்தோடு பொருத்திவிடுவார்கள். நீண்ட சுற்றுப்பயணத்தின் களைப்பில் இருப்பவர், அரைச் சொற்றொடரில் மூச்சு வாங்குவதும் பதிவில் அப்படியே இருக்கும்.

அண்மைக் காலத்தில் பழைய கச்சேரிகளின் முழுப் பதிவுகளும் வெளிவருவதால் ஒப்பிட்டுக் கேட்பது எளிதாகியிருக்கிறது. மாரிசனின் 1973ஆம் ஆண்டுக் கச்சேரிகள் மேலும் மூன்று தொகுதிகளாக 2016இல் வந்தன. பிங்க் ஃபிளாய்ட் 1974 நவம்பரில் லண்டன் வெம்பிளியில் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' முழுவதையும் வாசித்த பதிவு, 2011இல் ஒரு பெருந்தொகுப்பின் பகுதியாகவும், 2023இல் தனி ஆல்பமாகவும் கிடைத்தது. அதிலும் ஊதுபவர் டிக் பாரிதான். அதிலுள்ள 'மணி' பாடலையும், இருபது ஆண்டுகள் கழித்து அவரே வாசித்த 'பல்ஸ்' பதிவையும் வரிசையாகக் கேட்டு, ஏழடிச் சுழற்சியில் அவர் எந்த அடியில் நுழைகிறார், கிட்டாருக்கு இடம் விட எங்கே முடிக்கிறார் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.